பச்சை இலைச் சட்டமும் அங்காயி ஆமையும்

ஒரு காட்டில் இரண்டு வருஷமாக மழையே இல்லை, குழந்தைகளே. ஓடை வற்றிப் போனது. சுனை வற்றிப் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டைதான்.

அந்தக் குட்டையிலும் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாக இறங்கிப் புரண்டு, தண்ணீரைச் சேறாக்கிவிட்டன. ராஜாவான புலி அதைப் பார்த்தது.

"இப்படியே விட்டால் யாருக்குமே தண்ணீர் இருக்காது. ஒரு ஒழுங்கு வேண்டும். சட்டம் ஒன்று எழுதிக் கொண்டு வா" என்று மந்திரியான கீரியிடம் சொன்னது.

புலி சொன்னதில் தப்பே இல்லை. நல்ல எண்ணம்தான். ஆனால் எழுதியது கீரி. கீரிக்கு நாலுகால் பாய்ச்சல். காட்டில் இருக்கிற எல்லோருக்கும் அதே பாய்ச்சல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அது சட்டம் எழுதியது.

"குட்டையில் தண்ணீர் குடிக்க வருகிறவர் மொட்டைப்பாறை உச்சிக்கு ஏறி, அங்கே இருக்கும் இச்சிமரத்து இலை ஒன்றைக் குரங்கிடம் வாங்கி வர வேண்டும். ஒரு இலைக்கு ஒரு முறை குடிக்கலாம். ஒருவர் இலை மற்றவருக்கு ஆகாது. நேற்றைய இலையை யாரும் இன்றைக்குக் காட்டி ஏமாற்றக் கூடாது. ஆகவே வாசலில் காட்டும்போது இலை பச்சையாக இருக்க வேண்டும். வாடிய இலை செல்லாது."

கீரி நீட்டியதை வாங்கி, என்ன ஏது என்று கேட்காமல் புலி தன் நகத்தைப் பதித்தது. மந்திரி எதை நீட்டினாலும் நகம் பதிப்பது அதன் வழக்கம்.

மான்கள் ஓடின. இலை வாங்கின. தண்ணீர் குடித்தன. அவற்றுக்குச் சட்டம் ஒரு சுமையாகவே தெரியவில்லை.

அதே காட்டில் கள்ளிப் புதர் ஓரமாக அங்காயி என்று ஒரு கட்டாமை, அதாவது தரையில் வாழும் ஆமை, இருந்தது. விடிகாலையில் கிளம்பியது. உச்சிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குரங்கு கொடுத்த இலையை வாயில் கவ்விக்கொண்டு இறங்கியது. மறுநாள் நல்ல வெயிலில் குட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வாசலில் காவல் நின்றது காட்டுப்பன்றி. எழுதியிருப்பதை எழுதியபடியே செய்வதுதான் அதன் குணம்.

"என்ன இது?" என்றது பன்றி.

"இலைதான் அண்ணே."

"இலையா? சருகு."

"வாங்கும்போது பச்சையாத்தான் இருந்தது அண்ணே."

"வாங்கும்போது எப்படி இருந்ததுன்னு சட்டம் கேட்கலை. காட்டும்போது எப்படி இருக்குன்னுதான் கேட்குது. தள்ளு, தள்ளு."

பத்து அடியில் தண்ணீர் பளபளத்தது. அங்காயி திரும்பி நடந்தது.

இரண்டாம் தரம் இலையை ஓட்டுக்குள் கழுத்தோரமாக ஒளித்து, நிழலிலேயே கொண்டு வந்தது. வாடிவிட்டது. மூன்றாம் தரம் நாக்கில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தால் அதை நனைத்து நனைத்துக் கொண்டு வந்தது. அப்போதும் வாடிவிட்டது.

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு. போடு அந்தக் குப்பையில" என்றது பன்றி.

அப்போதுதான் அங்காயி பார்த்தது. வாசல் ஓரத்தில் சருகுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. எல்லாம் இச்சி இலைகள்.

"இதெல்லாம் யாரோடது அண்ணே?"

"காலொடிஞ்ச முள்ளம்பன்றி, கண் தெரியாத கிழமான், சினையா இருந்த எறும்புதின்னி... எத்தனையோ பேர். வருவாங்க, போட்டுட்டுப் போயிடுவாங்க."

"ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலையா?"

"என்னத்தைக் கேட்கிறது? எழுதி இருக்கே!"

அங்காயி அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் போனது. தன் இலையையும் அதன் மேல் வைத்தது. மொட்டைப்பாறைப் பக்கம் அது மறுபடி திரும்பவே இல்லை. காட்டின் நடுவே இருக்கும் மருதமரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

அந்த மருதமரத்தடிதான் காட்டின் நீதிமன்றம். ஒரு பெண்யானைதான் அங்கே நீதிபதி. யாருக்கும் பயப்படாது, யாரையும் பயமுறுத்தவும் செய்யாது.

வழியில் பக்கத்துப் புதர் முயல் செவந்தி ஓடி வந்தது. அதற்கு வளைக்குள் நான்கு குட்டிகள். செவந்தி ஓடிப்போய் இலை வாங்கிவிடும். ஆனால் குட்டிகளால் பாறை ஏற முடியுமா? ஒருவர் இலை மற்றவருக்கு ஆகாதே. தாய் குடித்துவிட்டு வரும். குட்டிகள் வறண்ட நாக்கோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

"எங்கே அக்கா கிளம்பிட்டே?"

"மருதமரத்துக்கு. வழக்குப் போடப் போறேன்."

முயலின் காது இரண்டும் விறைத்து நின்றன. "ராஜா மேலேயா? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா அக்கா? பேசாம நாலு கள்ளிப்பழத்தைத் தின்னுட்டுக் கிட. மழை வந்தா எல்லாம் சரியாயிடும்."

"ராஜா மேல இல்லை செவந்தி. சட்டத்து மேல. மழை வர்ற வரைக்கும் உன் பிள்ளைங்க தாங்குமா?"

முயல் தன் வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்காயி நடந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் நடை.

அந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரங்கொத்தி மரத்தில் தட்டி, வழக்குப் போட்டவர் பேரை மூன்று முறை கூப்பிடும். மூன்றாம் கூப்பாட்டுக்குள் "இருக்கேன்" என்று குரல் வர வேண்டும். வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. மறுபடி அதே வழக்கைப் போடவும் முடியாது.

டொக், டொக், டொக்! "அங்காயி ஆமை!"

"இருக்கேன் தாயே!"

அங்காயி தன் குறையைச் சொன்னது. அரசாங்கத்துக்காகக் கீரி எழுந்து நின்றது. வாலை நீவிக்கொண்டு, "தாயே, இது பெரிய விஷயம். பதில் சொல்ல எங்களுக்கு அவகாசம் வேண்டும். எட்டு நாள் வாய்தா கொடுங்கள்" என்றது.

யானை கொடுத்தது.

கீரிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. 'வீட்டுக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கினால் நடந்தே ஓய்ந்துவிடும்' என்று நினைத்துக்கொண்டு போனது.

அங்காயி வீட்டுக்குப் போனால்தானே! அது மருதமரத்து வேருக்கு அடியில் போய் உட்கார்ந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பசித்தால் பக்கத்துக் கள்ளிப்பழத்தைக் கடித்தது. எட்டு நாளும் அங்கேதான்.

எட்டாம் நாள் கீரி துள்ளிக் குதித்து வந்தது. மரங்கொத்தி கூப்பிட்டது.

"இருக்கேன் தாயே!"

குரல் கீரியின் வாலுக்குப் பக்கத்தில், வேருக்கு அடியிலிருந்து வந்தது. கீரி ஒரு முழம் எகிறிக் குதித்தது. கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நீ வீட்டுக்கே போகலையா?" என்றது கீரி.

"வீடும் என்னோடதான் வந்திருக்கு ஐயா. எங்கே இருந்தா என்ன?" என்றது அங்காயி, ஓட்டைக் காட்டி.

கீரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு வாய்தா கேட்டது. யானை தும்பிக்கையைத் தரையில் தட்டியது. "கொடுக்கிறேன். இதுதான் கடைசி. அடுத்த எட்டாம் நாள் நீ பேசினாலும் தீர்ப்பு, பேசாவிட்டாலும் தீர்ப்பு."

நாட்கள் ஓடின. கிட்டத்தில் இருந்த கள்ளிப்பழமும் தீர்ந்துவிட்டது. அங்காயியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்று திரும்பும்போதெல்லாம் குட்டைத் தண்ணீரின் வாசம் வந்து அதன் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது.

ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் கீரி தனியாக வந்தது. குரலில் தேன் வழிந்தது.

"என்ன அங்காயம்மா, உடம்பு இப்படி இளைச்சுப் போச்சே! பார்க்கவே மனசு கேட்கலை." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு கூழாங்கல்லை முன்னால் உருட்டிவிட்டது. வழவழவென்று இருந்த அந்தக் கல்லில் புலியின் நகம் பதிந்திருந்தது. "இது இலை இல்லை. வெயிலுக்கு வாடாது. இதைக் காட்டினால் பன்றி ஒரு பேச்சுப் பேசாது. ஆயுசு முழுக்க, நினைத்தபோது நீங்கள் தண்ணீர் குடிக்கலாம்."

அங்காயி கல்லையே பார்த்தது. "நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். நாளைக்கு மரங்கொத்தி கூப்பிடும்போது பேசாமல் இருந்தால் போதும்."

"செவந்தி பிள்ளைங்களுக்கும் இப்படி ஒரு கல் கிடைக்குமா?"

"அவங்களுக்கு எதுக்கு? வழக்குப் போட்டது நீங்கதானே!"

"அந்தக் கிழமானுக்கு?"

"அங்காயம்மா, ஊர்க்கவலை உங்களுக்கு எதுக்கு?"

"இது நிஜமாவே செல்லுமா ஐயா?"

"ராஜா நகம் இருக்கு, செல்லாமல் என்ன! நான் எழுதின சட்டம், எது செல்லும் எது செல்லாது என்று எனக்குத் தெரியாதா?"

"சரி ஐயா. ஆனா நான் வாக்குக் கொடுக்கலை. யோசிக்கணும்."

"யோசியுங்க, யோசியுங்க. கல் இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீரி நடந்தது. தாகத்தில் கிடக்கிறவர் யோசித்தால் என்ன முடிவுக்கு வருவார் என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது.

கீரி போன பிறகு செவந்தி வந்தது. அங்காயி நடந்ததைச் சொன்னது. முயல் வெகுநேரம் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"எடுத்துக்கோ அக்கா" என்றது கடைசியில். "உனக்காவது கிடைக்கட்டும். நான் தப்பா நினைக்க மாட்டேன். சத்தியமா."

"உன் சின்னக்குட்டி எப்படி இருக்கு?"

முயல் வேறு பக்கம் பார்த்தது. "நேத்திலிருந்து கண்ணைத் திறக்கலை."

பொழுது சாயும் நேரம், அங்காயி கண்ணை மூடிக்கொண்டு முன்கால் இரண்டையும் சேர்த்து வைத்தது. 'கடவுளே, எனக்கு வேகம் கொடு என்று ஒரு நாளும் உன்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நிற்கிற இடத்தில் அசையாமல் நிற்க மட்டும் எனக்குக் காலைக் கொடு' என்று வேண்டிக்கொண்டது.

மறுநாள் மருதமரத்தடியில் கூட்டம் நெரிந்தது. கீரி சாவகாசமாக வந்து உட்கார்ந்தது.

டொக், டொக், டொக்! "அங்காயி ஆமை!"

பதில் இல்லை.

கீரி மீசையை நீவிக்கொண்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "விலை போயிடுச்சு." "பெரிசாப் பேசிச்சே!"

டொக், டொக், டொக்! "அங்காயி ஆமை!"

பதில் இல்லை. முயல் தலையைக் குனிந்துகொண்டது.

மரங்கொத்தி மூன்றாம் முறை அலகைத் தூக்கியது. அப்போது வேருக்கு அடியிலிருந்து அங்காயி மெல்ல மெல்ல வெளியே வந்தது. அதன் வாய் நிறைய என்னவோ இருந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. "அங்காயி..." என்று மரங்கொத்தி ஆரம்பிக்கவும், யானையின் காலடியில் அந்தக் கல் பொத்தென்று விழவும் சரியாக இருந்தது.

"இருக்கேன் தாயே!" என்றது அங்காயி. "வாயில் கல் இருந்ததால் முன்னாடி குரல் கொடுக்க முடியலை. மன்னிக்கணும்."

கீரியின் மீசை தொங்கிப் போனது.

யானை தும்பிக்கையால் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ராஜாவின் நகம் பதிந்திருக்கிறது. கீரி, இது என்ன?"

"அது... அது வந்து தாயே... பாவம், ஆமையால் நடக்க முடியவில்லையே என்று இரக்கப்பட்டு ஒரு தனிச் சலுகை."

"தாயே, நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றது அங்காயி. "பச்சை இலையைக் கொண்டு வர எல்லோராலும் முடியும்னா, எனக்கு எதுக்கு இந்தக் கல்? முடியாதுன்னு தெரிஞ்சு கல் கொடுத்தாங்கன்னா, எனக்கு மட்டும் எதுக்கு? வாசல்ல கிடக்கிற சருகுக் குவியல்ல எத்தனை பேரோட தாகம் கிடக்குன்னு ஐயாவை ஒரு தரம் போய்ப் பார்க்கச் சொல்லுங்க."

கீரி கல்லைப் பார்த்தது. ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

யானை எழுந்து நின்றது.

"தண்ணீரைப் பங்கிட்டுக் காப்பது ராஜாவின் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால், கீழ்ப்படிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களாலும் கீழ்ப்படிய முடியாத சட்டத்தை இந்த மன்றம் ஏற்காது. இலைச் சட்டம் இன்றோடு ரத்து. இனி அனுமதியைப் பாறை உச்சியில் தராதீர்கள். குட்டை வாசலிலேயே கூழாங்கற்களை வையுங்கள். ஒரு கல் எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும். வெளியே வரும்போது போட்டுவிடட்டும். கல் தீர்ந்தால் அடுத்தவர் காத்திருக்கட்டும். கூட்டமும் சேராது, சேறும் ஆகாது. நடக்க முடியாத குட்டிகளுக்குத் தாயே தண்ணீர் எடுத்துப் போகலாம்."

காடே ஆரவாரம் செய்தது. எல்லோரும் குட்டையைப் பார்த்து ஓடினார்கள். ஓடியவர்கள் வாசலில் போய் நின்றார்கள்.

பன்றி அசையவில்லை. "எனக்கு உத்தரவு வரலை."

"தீர்ப்பு வந்திருக்கே!"

"தீர்ப்பு மரத்தடியில வந்திருக்கு. வாசலுக்கு வரலை. இலை எங்கே?"

கூட்டம் சோர்ந்து போனது. "யானை சொல்லி என்ன ஆகப் போகுது? யானைக்குப் படையா இருக்கு?" என்று ஒருவர் இருவராகக் கலைய ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அங்காயி நடந்து வந்து சேர்ந்தது. வந்ததும் வாசலுக்கு நேரே போய் உட்கார்ந்தது. பன்றி எவ்வளவு உறுமியும் நகரவில்லை. அதைப் பார்த்து செவந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. முள்ளம்பன்றி உட்கார்ந்தது. கிழமான் தடவித் தடவி வந்து உட்கார்ந்தது. கலைந்தவர்கள் திரும்பினார்கள்.

அன்று மாலையில் தண்ணீர் குடிக்கப் புலி வந்தது. பின்னாலேயே கீரியும் வந்தது.

"என்ன கூட்டம்?" என்றது புலி.

"ராஜா, மருதமரத்துத் தீர்ப்பு இந்த வாசலில் நிக்குது. உள்ளே வரலாமான்னு கேட்குது" என்றது அங்காயி.

கீரி புலியின் காதோரம் போனது. "இடம் கொடுக்காதீர்கள் ராஜா. இன்றைக்கு ஆமைக்கு இறங்கி வந்தால், நாளைக்கு எலி கேட்கும்."

அங்காயி கழுத்தை நன்றாக நீட்டியது. "ராஜா, எங்களுக்குள்ளே சண்டை வந்தா நீங்க என்ன சொல்வீங்க? மருதமரத்துக்குப் போங்கன்னு சொல்வீங்க. நாங்களும் நம்பிப் போறோம். அங்கே சொன்ன சொல் உங்க வாசல்ல நின்னு போச்சுன்னா, இனிமே யார் அங்கே போவாங்க? அவங்க அவங்க பல்லாலேயே தீர்த்துக்குவாங்க. பல் உள்ளவங்க தீர்த்துக்குவாங்க. எனக்குப் பல்லே கிடையாது ராஜா."

முள்ளம்பன்றி வாய்க்குள் சிரித்தது. புலி சிரிக்கவில்லை. அது வாசல் ஓரத்தில் கிடந்த சருகுக் குவியலைப் பார்த்தது. பாதத்தால் கிளறியது. கிளறக் கிளறச் சருகு வந்துகொண்டே இருந்தது.

"இத்தனையா?" என்றது மெதுவாக. பிறகு கீரியைத் திரும்பிப் பார்த்தது. "இதற்கெல்லாமா நான் நகம் வைத்தேன்?"

கீரி தரையைப் பார்த்தது.

"இனி படித்துக் காட்டாமல் எதையும் என் முன்னால் நீட்டாதே. கூழாங்கல் பொறுக்கிக் கொண்டு வா. நீயே பொறுக்கு." புலி பன்றியிடம் திரும்பியது. "தீர்ப்புக்கு வழி விடு."

"இது உத்தரவா ராஜா?"

"உத்தரவு."

பன்றி உடனே விலகிக்கொண்டது. அதன் மேல் என்ன குற்றம்? கேட்டது வந்துவிட்டது.

கீரி கூழாங்கற்களைச் சுமந்து வந்து கொட்டியது. அங்காயி முதல் கல்லை எடுத்து செவந்தியிடம் தள்ளியது. "நீ ஓடு. சின்னக்குட்டிக்கு முதல்ல கொண்டு போ."

முயல் பாய்ந்து போய், ஒரு கற்றைப் பஞ்சுப்புல்லைத் தண்ணீரில் தோய்த்துக் கவ்விக்கொண்டு, வந்த வேகத்தில் வளைக்குப் பறந்தது.

பிறகு அங்காயி தனக்கு ஒரு கல் எடுத்துக்கொண்டு நடந்தது. வாசலிலிருந்து தண்ணீருக்குப் பத்து அடிதான். ஆனால் அதன் வேகத்துக்கு அதற்கே வெகுநேரம் பிடித்தது. புலிக்கும் தாகம். ஆனாலும் அது கல்லை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் நின்றது. ராஜா நிற்பதைப் பார்த்து காட்டெருமைகளும் வரிசையில் நின்றன.

அங்காயி தண்ணீரில் முகத்தை வைத்தபோது, வளைப் பக்கமிருந்து செவந்தியின் குரல் கேட்டது: "அக்கா! கண்ணைத் திறந்துடுச்சு அக்கா!"

நீதி: தனக்கு மட்டும் தரும் சலுகைக்கு மயங்காமல் நிற்பவரே எல்லோருக்கும் நியாயம் வாங்கித் தருவார்.